உதட்டில் நிறம் குத்தும் முன் என்ன கவனிக்கணும்?

கேள்வி (ஐந்து ரோடு, சேலம்):
தை மாதம் எனக்குக் கல்யாணம். உதடு கொஞ்சம் கருப்பு. ஊசியால் நிறம் ஏற்றிக்கொண்டால் இரண்டு, மூன்று வருடம் இருக்கும் என்கிறார்கள். செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்.

பதில் (ஏற்காடு):
நான் போன வருடம் செய்துகொண்டேன். உங்களுக்கு எப்போதாவது உதட்டோரம் கொத்தாக நீர்க்கொப்புளம் வந்திருக்கிறதா? எனக்குக் காலேஜில் ஒருமுறை வந்தது. அந்த வைரஸ் உடம்பிலேயே தங்கியிருக்கும், ஊசி பட்டால் மறுபடி கிளம்பும். பார்லரில் யாரும் இதைக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் உதடு முழுக்கக் கொப்புளம். மோர்சாதம்கூட வாயில் வைக்க முடியாமல் அழுதேன். முன்கூட்டியே தோல் டாக்டரைப் பார்த்திருந்தால் அதற்கு மாத்திரை கொடுத்திருப்பார்.

முதலில் நிறம் பளீரென்று அடிக்கும், பயப்படாதீர்கள். ஒரு வாரத்தில் உரிந்து வெளிறிவிடும். சரியான நிறம் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அப்புறம் இன்னொரு தடவை குத்த வேண்டியிருக்கும். அதனால் புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். கருத்த உதட்டில் நேராக ரோஸ் ஏற்றினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகலாம். முதலில் ஆரஞ்சு சாயல் வைக்கச் சொல்லுங்கள்.

பதில் (செவ்வாய்பேட்டை):
ஊசியை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது, அதையும் யோசியுங்கள்.

கேட்டவர்:
எனக்கும் அந்தக் கொப்புளம் வந்திருக்கிறது அக்கா. நாளைக்கே டாக்டரிடம் போகிறேன்.