ஊசித்தட்டான் இறக்கைப் படிவம்: புது இனமா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள ஃப்ளோரிசன்ட் ஷேல் (தகடு தகடாகப் பிரியும் படிவுப் பாறை), சுமார் 3.4 கோடி ஆண்டு பழையது. அதில் ஓர் ஊசித்தட்டான் இறக்கை, கிடைத்த வரை 24 மி.மீ. அடிப்பகுதி உடைந்துவிட்டதால் ஆர்குலஸ் (அடிப்பகுதியிலுள்ள குறுக்கு நரம்பு) இல்லை. நோடஸும் (முன்விளிம்பிலுள்ள முடிச்சு) டெரோஸ்டிக்மாவும் (நுனிக்கு அருகிலுள்ள நிறத் திட்டு) தெளிவு.

இடிப்பது இங்கேதான்: சப்காஸ்டா (முன்விளிம்பை அடுத்த நரம்பு) மேலிருந்து பார்த்தால் பள்ளமாக இருக்க வேண்டும், இதில் மேடாகத் தெரிகிறது. அப்படியானால் நாம் பார்ப்பது இறக்கையின் அடிப்பக்கம், அல்லது வெறும் அச்சு. எதிர்க்கல் (பிளந்த கல்லின் மறுபாதி) இல்லை. ஒளி தவறான திசையிலிருந்து விழுந்தாலும் கண் ஏமாறும் என்பதால், இடப்பக்கம் மேலிருந்து தாழ்வான ஒளியில் மறுபடி எடுத்த படங்களை இணைத்திருக்கிறோம். எத்தனாலில் நனைத்தும் எடுத்தாயிற்று (தண்ணீர் வேண்டாம், ஷேல் உப்பி உரியும்). இது வல இறக்கையா இட இறக்கையா, பாருங்கள்.

நோடஸுக்கு அப்பாலுள்ள குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பெயர் வைக்க மனமில்லை; ஒரே பூச்சியின் இரு இறக்கையிலேயே அது மாறும். ஐஆர்2 என்ற நீள நரம்பு கிளைக்கும் இடம், டெரோஸ்டிக்மாவின் கீழுள்ள அறைகள் (நரம்புகளுக்கு இடைப்பட்ட கட்டங்கள்), இவை போதுமா?

பூச்சிப் படிவ ஆய்வாளர் ஸ்கடர் 1890இல் விவரித்த ஃப்ளோரிசன்ட் ஊசித்தட்டான்களின் ஹோலோடைப் (இனப்பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) படங்கள், அளவுகோலோடு, யாரிடமாவது உண்டா? அவற்றோடு ஒப்பிடாமல் ஜூபேங்கில் (விலங்குப் பெயர்களின் பதிவேடு) பதிய மாட்டோம்.