மருந்து தோய்த்த கொசுவலை சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்?

அவசரமாக ஒரு கொசுவலை தேவை. என் தங்கை நான்கு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளைக்கு லாகோஸில் வேலை. மூன்று வாரத்தில் அவளும் அங்கே போகிறாள். நைஜீரியாவில் மலேரியா அதிகம். பயணத்தைத் தள்ளிப்போடு என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். கேட்கவில்லை.

"பூத்தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும்க்கா" என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 1982-லேயே மலேரியா ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்த ஊர் இது. டெங்கிப் பிரசாரம் கேட்டே வளர்ந்தோம். ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். கர்ப்பிணிக்கு வந்தால் கடுமையான ரத்தசோகை, கருச்சிதைவுவரை போகலாம். எனக்கே இது போன வாரம்தான் தெரிந்தது.

பயண மருத்துவரைப் பார்த்தாயிற்று. மலேரியா வராமல் தடுக்கத் தரும் டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிக்கு ஆகாது என்று வேறு மாத்திரை எழுதித் தந்தார். தோலில் தடவ, கொசுவை விரட்டும் டீட் கலந்த மருந்தும் முழுக்கைச் சட்டைகளும் வாங்கிவிட்டோம். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை என்று மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன்.

வலைதான் அகப்படவில்லை. தேக்காவில் (லிட்டில் இந்தியா) நான்கு கடை ஏறி இறங்கினேன், எல்லாம் சாதாரண வலை. ஆன்லைனில் கண்டது வந்துசேர ஐந்து வாரம் ஆகுமாம்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்தது, இரட்டைக் கட்டிலுக்கு, மெத்தைக்கு அடியில் செருகும் அளவு நீளம். இப்படி ஒரு வலையை இங்கே கடையில் நேரடியாக வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எந்தக் கடை?