அப்பாவின் மாற்று இதயம்: ஆஞ்சியோ மட்டும் போதுமா?

வணக்கம். அப்பாவுக்கு மாற்று இதயம் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுதோறும் ஆஞ்சியோ (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாய்களைப் படமெடுப்பது), இதுவரை குறையில்லை. ஆனால் மாற்று இதயத்தில் ரத்தக்குழாயின் சுவர் நெடுகச் சீராகத் தடிப்பதால் ஆஞ்சியோவில் அது தெரியாமலும் போகலாம், குழாய்க்குள்ளேயே அல்ட்ராசவுண்ட் பார்த்தால் முன்கூட்டியே தெரியும் என்கிறார் மருத்துவர். அறுவையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், நெஞ்சுவலி வந்து எச்சரிக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. அப்பாவோ நான்கு படி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "வயதாகிவிட்டதடா" என்று சிரிக்கிறார். எனக்குத்தான் அடிவயிறு கலங்குகிறது.

மாற்று இதயத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மாத்திரையால், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் ஏற்கெனவே 1.8. ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தை இன்னும் வாட்டுமோ? இதே நிலையில், அந்தச் சாயம் இல்லாமல் இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சென்னையில் எவ்வளவு செலவானது? வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம்; அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.