ஓசூரா, அத்திப்பள்ளியா: ராத்திரி சத்தத்துக்கு யாரைக் கூப்பிட்டீர்கள்?

மாடிவீட்டுக்காரன்

ஆறு வருஷம் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகைக்கு இருந்துவிட்டுப் போன வைகாசியில் ஓசூர் எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியில் பால் காய்ச்சினோம். மொட்டை மாடியில் நின்றால் கர்நாடகம் தெரியும். ஆடி முதல் வெள்ளி, ராத்திரி 11.20. தெருமுனை மைக்செட் அடங்கவே இல்லை. போனில் டெசிபல் ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தால் 68 காட்டியது. போலீஸ் அவசர எண் 112-க்கு அடித்தேன். எதிர்முனையில் "ஹேளி சார், யாவ ஏரியா?" (சொல்லுங்க சார், எந்த ஏரியா?) என்று கன்னடம்! என் போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது. பாவம், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது தமிழ்நாடு சார், அங்கே சொல்லுங்கள் என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் லோக்கல் ஸ்டேஷன் நம்பர் வாங்கி அடித்ததும் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். ஆப்பைக் காட்டப் போனேன். பெரியவர் திரையைப் பார்க்கவே இல்லை. "டெசிபல் எல்லாம் இருக்கட்டும் தம்பி, மணி எத்தனை?" என்றார். ஐந்தே நிமிஷத்தில் செட் அணைந்தது.

அப்புறம்தான் விதிகளைத் தேடிப் படித்தேன். ஊருக்கு ஊர் வேறு வேறு அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. 2000-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள்தான் இரண்டு பக்கமும். குடியிருப்பில் பகல் 55 டெசிபல், இரவு 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50, 40. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 வரை. 55 என்பது நாம் இரண்டு பேர் திண்ணையில் பேசுவதைவிடக் கம்மி, அது வேறு கதை! அதுவும் இந்த எண்கள் எல்லாம் சராசரி. ஆப் காட்டுவது அந்த நொடியின் சத்தம்.

நான் கவனித்த விஷயம் ஒன்று. பகலில் அளவைத் தாண்டி 10 டெசிபல் கூடினால்தான் புகாருக்கே இடம். ராத்திரி மைக் தடையை மீறினால் அந்தக் கணக்கு வேண்டாம், மீறினாலே புகார் கொடுக்கலாம். பெரியவர் மணி கேட்டது சும்மா இல்லை.

இரண்டு பக்கமும் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

சவுண்ட் சர்வீஸ்

சார், நான் அந்த மைக்செட் ஆள் இல்ல, முதல்லயே சொல்லிடறேன் :) இருபது வருஷமா ரெண்டு பக்கமும் செட் கட்டறேன். விதி ஒண்ணுதான், அனுமதிக்கு லெட்டர் கொடுக்கற இடம்தான் வேற. இங்க ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தா எத்தனை ஸ்பீக்கர் பாக்ஸ், எந்தத் திசைன்னு கேப்பாங்க. கர்நாடகா பக்கம் 2022 மே மாசம் அரசாணை வந்த பிறகு, பெங்களூரு சிட்டி லிமிட்ல ஏ.சி.பி., அதைத் தாண்டினா டி.எஸ்.பி., கூடவே தாசில்தார்னு போச்சு. ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு சிட்டி லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு எல்லைக்கு வெளிய இருக்கற மண்டபத்துல போய் நின்னேன். செல்லாதுன்னுட்டாங்க. பொண்ணு மாப்பிள்ளை வெறும் நாதஸ்வரத்தோட மேடை ஏறினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, என் வாடகைதான் பாதி.

குழாய் ஸ்பீக்கரை எடுத்துட்டுப் போறதே இல்ல. ஷெட்ல எட்டு குழாய் துருப்பிடிச்சுக் கிடக்குது. போலீஸ் கண்ணு முதல்ல அதுமேலதான் விழும். நவம்பர் முழுக்க அங்க ராஜ்யோத்சவ (கர்நாடக மாநிலம் உருவான நாள்) ஆர்கெஸ்ட்ரா, எனக்கு அதுதான் சீசன். ஆனா 9.45-க்குக் கடைசிப் பாட்டுன்னு கமிட்டிகிட்ட முன்னாடியே பேசிடுவேன். சட்டத்துக்குப் பயந்து இல்ல சார். ஆம்ப்ளிஃபயர் ஸ்டேஷன்ல போய் உக்காந்துட்டா அடுத்த முகூர்த்தம் போச்சு.

விழாவுக்குன்னு ராத்திரி 12 மணி வரைக்கும் அனுமதி உண்டு, வருஷத்துக்கு 15 நாள்தான். அது என்னென்ன நாள்னு அந்தந்த அரசு சொல்லணும். கமிட்டிக்காரங்க எல்லா நாளும் அந்த 15-ல ஒண்ணுன்னு சாதிப்பாங்க.

அத்திப்பள்ளி அக்கா

நான் கர்நாடகப் பக்கம். ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் லேஅவுட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் வண்டி. கட்டில் அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர் ஒன்றோடொன்று கிலுகிலுத்தது. கோபமாக இறங்கிப் போய், தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் ஆரம்பித்தேன். கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, "அக்கா, தமிழா?" என்றார். வண்டியில் பார்த்தால் திருச்செங்கோடு என்று எழுதியிருக்கிறது. பகலில் பெரிய வண்டியை உள்ளே விடுவதில்லையாம், இடத்துக்காரர் ராத்திரியே முடிக்கச் சொன்னாராம். முகமெல்லாம் சாம்பல் கலர் மண், கண் மட்டும் தெரிகிறது.

2010-ல் சேர்த்த விதிப்படி, குடியிருப்பில் ராத்திரி கட்டுமான இயந்திரத்தைச் சத்தத்தோடு ஓட்டவே கூடாது. தெரிந்திருந்தும் 112-க்கு அடிக்க மனசு வரவில்லை. போலீஸ் வந்தால் மாட்டுவது அந்தப் பையன்கள். இடத்துக்காரர் எங்கோ தூரத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் நம்பரை வாங்கி அந்த நேரத்திலேயே அவரை எழுப்பினேன். நான்காவது தடவைதான் எடுத்தார். காலை வரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள்.

தேன்கனிக்கோட்டை ரோடு

தீபாவளியை யாரும் சொல்லலையே? பட்டாசு வெடிக்க நமக்கு 2018-லிருந்து காலை 6–7, சாயங்காலம் 7–8. கர்நாடகாக்காரங்களுக்கு ராத்திரி 8–10. நம்ம ஆளுங்க எட்டு மணிக்கு நிறுத்தினாலும் (நிறுத்தறதில்லை) அங்க அப்பதான் ஆரம்பம். எல்லையில இருக்கற நாய்க்கு மொத்தம் நாலு மணி நேரம்!

பொம்மி அம்மா

எங்கள் பிரச்சினை மைக்செட் இல்லை. தொழிற்பேட்டை மதிலை ஒட்டி வீடு. ஒரு தொழிற்சாலையின் காற்றாடி ராத்திரி முழுக்க 'ஊ...' என்று ஓடும். பொம்மிக்குப் பன்னிரண்டாவது பரீட்சை. புகார் எழுதிப் போட்டோம், அளக்க வந்தார்கள், பகல் 11 மணிக்கு. ரோட்டில் லாரி போகிற சத்தத்தில் காற்றாடியே கேட்கவில்லை. விதிப்படி மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்திரி 70 டெசிபல் வரை இருக்கலாம், இந்தப் பக்கம் 45. சுவர் என்னவோ ஒன்பது அங்குலம்தான். மறுபடி எழுதும்போது "இரவு 10 மணிக்கு மேல் வந்து அளக்கவும்" என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

மாடிவீட்டுக்காரன்

@பொம்மி அம்மா, பெட்ரூமில் ராத்திரி எடுத்த வீடியோவையும், தேதி, நேரம் குறித்து ஒரு பத்து நாள் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். ஆப் எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள், ஆனால் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

@சவுண்ட் சர்வீஸ், உங்கள் நம்பரைத் தனியாக அனுப்ப முடியுமா? நான் போலீஸைக் கூப்பிட்ட விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இந்த வருஷக் கோயில் கமிட்டியில் என்னையே பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள். ஆடிக்கு இரண்டு பாக்ஸ் போதும், 9.45-க்குக் கடைசிப் பாட்டு.