பழைய ஃபயர் ஸ்டேஷன் கட்டடம் பற்றி யாருக்காவது தெரியுமா?

வணக்கம். ஜார்ஜ் டவுன் பக்கம் தாத்தா வேலை பார்த்த பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டி நின்ற அகலமான வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பின்னால் ஒரு உயரமான கோபுரம் மட்டும் அப்படியே நிற்கிறது. பலரும் அதைத் தண்ணீர்த் தொட்டி என்கிறார்கள். கித்தான் குழாய்களை நீளவாக்கில் தொங்கவிட்டு உலர்த்திய இடம் அது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் குழாய் மக்கிவிடும் என்று தாத்தா சொல்வார்.

மெட்ராஸில் தீயணைப்புப் படை 1908இல் தொடங்கியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசி, துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது இந்த நிலையம் இருந்ததா? கட்டடத்தில் கல்வெட்டு எதுவும் கண்ணில் படவில்லை.

1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்த இரவைப் பற்றித் தாத்தா அதிகம் பேசமாட்டார். புத்தகக் கடைகள் எரிந்த வாசனை சட்டையிலிருந்து போகவே இல்லை என்பார், அவ்வளவுதான். அப்போதே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது அந்தப் படையில் இருந்தார்களா? குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் உண்டா? பழைய போட்டோ, மாற்றல் உத்தரவு, எதுவானாலும் அனுப்புங்கள். அப்புறம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறைக் கோப்புகளில் தேடலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த வாரமே போய்விடுவேன்.