ஏர் பிஸ்டல் கிரிப் மகளின் கைக்குப் பெரிது, ஷாட் எல்லாம் இடது பக்கம்: எங்கே அராவ வேண்டும்?

மதுரை_அப்பா
வணக்கம், கொஞ்சம் அவசரம். மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். பழைய பிஸ்டல் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கிரிப் (மரக் கைப்பிடி) அவள் கைக்குப் பெரிது. ஷாட் எல்லாம் இடது பக்கமே போய் எட்டு, ஒன்பது புள்ளி வளையங்களில் விழுகிறது. ரியர் சைட்டை (கண்ணுக்கு அருகில் உள்ள குறிபார்க்கும் பாகம்) வலது பக்கம் திருப்பினால் முதல் சில ஷாட் சரியாக வருகிறது, கை களைத்ததும் மறுபடி இடதுதான். அடுத்த மாதம் போட்டி. தெரிந்த தச்சர் ஒருவர் இன்று சாயங்காலமே அராவித் தருகிறேன் என்கிறார். எந்த இடத்தில் எவ்வளவு எடுக்கச் சொல்ல வேண்டும்? படம் இணைத்திருக்கிறேன்.

கைரேகை
படம் திறக்கவில்லை சார். என்ன மாடல்? கிரிப்பில் எஸ், எம், எல் என்று அளவு ஏதாவது போட்டிருக்கிறதா? மகளுக்கு என்ன வயது? ட்ரிகரில் விரலின் எந்த இடம் படுகிறது? இதெல்லாம் தெரியாமல் எங்கே அராவலாம் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீலகிரி_10.9
இது கிரிப் பிரச்சினையே இல்லை, ட்ரிகர் பிரச்சினை. விரல் நுனி மட்டும் ட்ரிகரில் பட்டால், இழுக்கும்போது விரல் பிஸ்டலை இடது பக்கம் தள்ளிவிடும். விரலை இன்னும் உள்ளே கொண்டு போகச் சொல்லுங்கள். நுனி ரேகைச் சுழியின் நடு ட்ரிகரில் பட வேண்டும். எங்கள் ரேஞ்சில் புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்கு இதேதான்.

தச்சுப்பட்டறை
அராவுவதை விட நிரப்புவதே நல்லது என்பது என் கருத்து. எம்-சீலைப் பிசைந்து கிரிப்பில் அப்பி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு, கையை வைத்து அழுத்தி எடுத்தால் கையின் அச்சு அப்படியே விழும். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். கையுறை அவசியம், எப்பாக்ஸி வெறும் தோலில் பட்டுப் பட்டுச் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும்.

கைரேகை
கிரிப் பெரிதாக இருக்கிறது என்கிறார். அதில் இன்னும் அப்பினால் எப்படி அண்ணா?

தச்சுப்பட்டறை
பெரிய கிரிப்பிலும் வெற்றிடம் இருக்கும் தம்பி. வெளிச்சுற்று பெரிதாக இருந்தாலும் உள்ளங்கைக் குழியில் மரம் தொடாமல் இருக்கலாம். அங்கே நிரப்பினால்தான் ஒவ்வொரு முறையும் கை ஒரே இடத்தில் உட்காரும்.

பத்துமீட்டர்
மாதத்துக்கு ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் பாதிக் கேள்வி வந்திருக்காது. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கிரிப்பின் எந்தப் பகுதியும் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. மணிக்கட்டு தடையில்லாமல் வெளியே தெரிய வேண்டும். பாம் ஷெல்ஃப் (உள்ளங்கையின் அடி உட்காரும் தட்டு) கிரிப்போடு சேரும் கோணம் 90 டிகிரிக்குக் குறையக் கூடாது, அதன் ஓரம் மேல்நோக்கி வளையவும் கூடாது. கட்டைவிரல் மேலே எழும்ப வழி இருக்க வேண்டும். மொத்த எடை 1500 கிராமுக்குள், ட்ரிகர் எடை (அதை இழுக்கத் தேவையான விசை) குறைந்தது 500 கிராம், பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். நீங்கள் சொல்கிற தச்சருக்கு இதில் ஒன்றாவது தெரியுமா? முதலில் பயிற்சியாளரிடம் போங்கள், அப்புறம் அரத்தை எடுக்கலாம்.

பழைய_ஃப்ரீபிஸ்டல்
சுற்றி வளைக்கக் கூடாது என்ற விதி எல்லாப் பிஸ்டலுக்கும் கிடையாது. 50 மீட்டர் பிஸ்டலில் கையை முழுவதும் மூடுகிற கிரிப்பே வைத்துச் சுட்டிருக்கிறோம். வால்நட் கட்டையில் வாரக்கணக்கில் குடைந்து, அராவி, மறுபடி நிரப்பி, கை உள்ளே போனால் காற்று நுழைய இடம் இருக்காது. அந்தப் போட்டியை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்ததோடு இந்தக் கலையும் போய்விட்டது.

பத்துமீட்டர்
இங்கே கேட்டிருப்பது ஏர் பிஸ்டல் பற்றி.

பழைய_ஃப்ரீபிஸ்டல்
தெரியும். கிரிப் செய்வதை யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நூறு வருடத்துக்கும் மேல் பழைய போட்டி அது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஜீத்து ராய் தங்கம் வாங்கியது அதில்தான். 2016 ரியோவோடு முடித்துவிட்டார்கள்.

நீலகிரி_10.9
முடித்ததில் என்ன தவறு? ஒலிம்பிக்கில் பெண்களுக்கென்று தனியாக அந்தப் போட்டி இருந்ததே இல்லை. அந்த இடத்தில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இரட்டையர் வந்தது. 2024 பாரிஸில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வாங்கியது அப்படி வந்த போட்டியில்தானே? இந்த இழையே ஒரு பெண் பிள்ளைக்காகத் தொடங்கியது.

பழைய_ஃப்ரீபிஸ்டல்
பெண்களுக்கும் 50 மீட்டரைத் திறந்துவிட்டிருக்கலாமே? ஒன்றைக் கொண்டுவர இன்னொன்றை எடுக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

முப்பரிமாணம்
இரண்டு பேரும் தனி இழையில் பேசிக்கொள்ளலாமே. மதுரை_அப்பா, கையை ஸ்கேன் செய்து 3டி பிரிண்டில் கிரிப் எடுத்துவிடுங்கள். சரியாக வராவிட்டால் கோப்பைத் திருத்தி இன்னொன்று எடுக்கலாம், மரம் வீணாகாது.

தச்சுப்பட்டறை
பிரிண்ட் கிரிப்பில் வியர்வைக் கை வழுக்கும். நம் ஊர் வெயிலில் மரத்துக்கு ஈடில்லை. புள்ளி புள்ளியாகக் குத்திச் சொரசொரப்பாக்கிய வால்நட்டை ஒருமுறை பிடித்தவருக்கு வேறு எதுவும் பிடிக்காது.

மதுரை_அப்பா
எல்லோருக்கும் நன்றி. மாடல் ஸ்டெயர் எல்பி10. கிரிப் எம் அளவு. மகளுக்கு 14 வயது, கை சிறியது. இடது கை கிரிப்தான், அவள் இடது கைக்காரி. நுனி விரல்தான் ட்ரிகரில் படுகிறது. அதற்கே கையைச் சுற்றித் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். தச்சர் ஆறு மணிக்கு வருகிறார்.

கைரேகை
இடது கையா! அப்படியானால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். நீலகிரி அண்ணா சொன்ன நுனிவிரல் தள்ளல் வலது கைக்காரருக்கு இடது பக்கம் போகும். இடது கையில் அதே தவறு வலது பக்கம்தான் தள்ளும். இவர் மகளுக்கோ இடது பக்கம் போகிறது. அதனால் காரணம் வேறு.

“கையைச் சுற்றித் திருப்பிப் பிடிக்கிறாள்” என்றீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ட்ரிகர் எட்டாததால் விரலை முன்னே கொண்டுபோக முழுக் கையையும் கிரிப்பைச் சுற்றி நகர்த்துகிறாள். அப்போது கிரிப்பின் முதுகு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டையில் உட்காராமல் கட்டைவிரல் அடிமூட்டில் உட்காரும். முன்கையும் குழலும் ஒரே கோட்டில் இருக்காது. இடது கையில் இப்படிப் பிடித்தால் குழல் இயல்பாகவே இடது பக்கம் பார்க்கும். அவள் மணிக்கட்டை வளைத்து அதை நடுவுக்கு இழுத்து வைத்துச் சுடுகிறாள். களைத்ததும் மணிக்கட்டு தளர்கிறது, குழல் தன் இடத்துக்குத் திரும்புகிறது. சைட்டைத் திருப்பி இதைச் சரிசெய்ய முடியாது.

சோதித்துப் பாருங்கள். பெல்லட் போடாமல், ரேஞ்சில், குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கையை இயல்பாக உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். ரியர் சைட்டின் இடைவெளியில் ஃப்ரண்ட் சைட் (குழல் முனையில் உள்ள குறி) எங்கே நிற்கிறது? ஒவ்வொரு முறையும் இடது ஓரத்தில் நின்றால் நான் சொன்னதுதான்.

அராவுவதற்கு முன்னால் ட்ரிகரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். எல்பி10-இல் ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்த முடியும். சிறிய கைக்கு முதலில் செய்ய வேண்டியது அதுதான், மரத்தில் கை வைக்கவே வேண்டாம். நகர்த்தியபின் ட்ரிகர் எடையை மறுபடி சோதித்துப் பாருங்கள். அதற்கப்புறம் பாம் ஷெல்ஃபை உயர்த்துங்கள். நடுவிரல் ட்ரிகர் கார்டின் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) அடியில் ஒட்டி இருக்க வேண்டும், பிஸ்டலின் எடை அந்த விரல்மேல்தான் உட்காரும். ஷெல்ஃப் கையை நசுக்கக் கூடாது.

நீலகிரி_10.9
இடது கை என்றால் நான் சொன்னது பொருந்தாது, கைரேகை சொல்வது சரி. ஆனால் ட்ரிகரைப் பின்னுக்குக் கொண்டுவந்தபின் விரலின் பக்கவாட்டு கிரிப் மரத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மரம் எடுக்கலாம். அது நிச்சயம் உதவும்.

தச்சுப்பட்டறை
அராவித்தான் ஆக வேண்டும் என்றால்: கிரிப்பைப் பிஸ்டலிலிருந்து கழற்றுங்கள். மரத்தூள் ட்ரிகர் அமைப்புக்குள் போனால் பெரிய தலைவலி. உள்ளங்கையில் லிப்ஸ்டிக்கை மெல்லியதாகத் தடவிக் கிரிப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். சிவப்பு அடர்த்தியாக ஒட்டுகிற இடம்தான் மேடு, உப்புத்தாளால் அதை மட்டும் தேயுங்கள். மறுபடி தடவி மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். விரல் எட்டவில்லை என்றால் முதுகில், கவட்டை உட்காரும் இடத்தில் எடுக்க வேண்டும், முன்பக்கம் அல்ல. 14 வயதுக் கை இன்னும் வளரும். எடுத்த மரம் திரும்ப வராது, கொஞ்சமாகவே எடுங்கள். நிரப்ப வேண்டிய இடத்தில் முதலில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிச் சுட்டுப் பார்க்கட்டும். சரிவந்தால் எம்-சீல்.

பத்துமீட்டர்
நிரப்பியபின் எடையும் பெட்டி அளவும் மறுபடி பார்க்க வேண்டும். போட்டி நாளில் கருவிப் பரிசோதனையில் நிறுத்தினால் கண்ணீர் விடுவது பிள்ளைதான். அப்பாக்கள் இதை யோசிப்பதே இல்லை.

முப்பரிமாணம்
வளரும் கை என்பதால்தான் பிரிண்ட் என்கிறேன். அடுத்த வருடம் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய_ஃப்ரீபிஸ்டல்
சார், நீங்கள் மதுரைதானே? தச்சரிடம் கொடுப்பதற்கு முன் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். என் அரங்களும் உளிகளும் சும்மாதான் கிடக்கின்றன. பிள்ளையை அழைத்து வந்தால் அவள் கையில் வைத்துப் பார்த்தே செய்யலாம்.

மதுரை_அப்பா
தச்சரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண் மூடிப் பார்த்ததில் ஃப்ரண்ட் சைட் இடது ஓரத்தில்தான் நின்றது. ட்ரிகரைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, ஷெல்ஃபை ஏற்றினோம். இப்போது ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. முதுகில் கொஞ்சம் மட்டும் தேய்க்க வேண்டும் போல. ஃப்ரீபிஸ்டல் ஐயா, செய்தி அனுப்பியிருக்கிறேன். நன்றி.

கைரேகை
நல்லது சார். சைட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? கடைசி இருபது ஷாட் எங்கே விழுகிறது என்று எழுதுங்கள், அதுதான் முக்கியம்.