கீல் ஸ்க்ரூ சும்மா சுத்துது, கதவு தரையில உரசுது: கையில இருக்கறத வச்சே சரி பண்ண முடியுமா?

சன்னலோரம்:
மரக்கதவு கைப்பிடிப் பக்கம் தொங்கிப்போய்த் தரையில உரசுது. மேல் கீல்ல, நிலைப் பக்கம் இருக்கற மூணு ஸ்க்ரூல ரெண்டு எவ்வளவு திருகினாலும் பிடிக்க மாட்டேங்குது. கதவோட அடியை இழைச்சுக் குறைச்சிடலாமா? கூடவே இன்னொண்ணு: மர டிராயர் ஈரமான நாட்கள்ல இறுகிக்குது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.

மரத்தூள்:
இழைக்காதீங்க. முதல்ல கதவைச் சாத்திட்டு இடைவெளியைப் பாருங்க. மேல் கீல் பக்கம் இடைவெளி அகலமாவும், எதிர்ப் பக்கம் மேல் மூலை நிலையோட ஒட்டியும் இருந்தா, கதவு சரியாத்தான் இருக்கு, கீல்தான் விட்டுடுச்சு. சுத்தி எல்லா இடத்துலயும் இடைவெளி ஒரே சீரா இருந்து அடி மட்டும் உரசினாத்தான் இழைக்கறதைப் பத்தி யோசிக்கணும். கதவோட எடை மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ் கீலை நிலையோட அழுத்தும். அதனாலதான் பெரும்பாலும் மேல் ஸ்க்ரூ முதல்ல விடும்.

வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி கைப்பிடிப் பக்கம் கதவுக்கு அடியில ஆப்பு கொடுத்து, பழைய உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்க. ஆப்பு இல்லேன்னா கெட்டி அட்டையை மடிச்சுச் செருகலாம். இதைச் செய்யாம ஸ்க்ரூவைக் கழட்டினா மொத்த எடையும் மிச்சம் இருக்கற ஒரு ஸ்க்ரூ மேல விழுந்து அதுவும் பிடுங்கிக்கும்.

அந்த ரெண்டு ஸ்க்ரூவையும் எடுத்துட்டு துளைக்குள்ள இருக்கற தூளை ஊதி வெளியேத்துங்க. பல்குத்தற குச்சியை மரவேலைக்குப் போடற வெள்ளைப் பசையில தோய்ச்சு, ஒவ்வொண்ணா உள்ளே செருகுங்க. கையால தள்ளினா இறுக்கமாப் போற அளவு போதும், பெரும்பாலும் மூணு நாலு குச்சி பிடிக்கும். சுத்தியலால அடிச்சுத் திணிச்சா நிலை இழையோட்டத்துலயே பிளந்துடும். வெளியே நீட்டற நுனியைக் கத்தியால மட்டமா வெட்டி விட்டுடுங்க. ஒரு நாள் முழுக்கக் காயணும். ஒரு மணி நேரத்துல ஸ்க்ரூ போட்டா பசை வழுக்கி, குச்சியும் கூடவே சுத்தும்.

உடனடிப் பசை வேண்டாம். அது இறுகினதும் கண்ணாடி மாதிரி ஆயிடும், கதவைச் சாத்தற அதிர்ச்சியிலேயே விட்டுப்போகும்.

ஏழாம்நம்பர்ஆணி:
மரத்தூள் சொன்னது கெட்டியான மரத்துக்கு. பார்ட்டிகிள் போர்டுல, அதாவது மரத் துகளைப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகையில, குச்சி நிக்காது. அதுல நீள இழையே கிடையாது, துளையோட சுவரே உதிரும். அங்கே துளையை 8 மில்லிமீட்டராப் பெருசாக்கி, அதே தடிமன்ல மரக்குச்சியைப் பசை போட்டு இறக்கி, காஞ்சதும் நடுவுல புதுத் துளை போடுங்க. கறையான் அரிச்ச நிலைன்னா எதை அடைச்சாலும் வீண், அந்தத் துண்டையே வெட்டி மாத்தணும்.

நிலை நல்ல தடிமனா இருந்தா கீலோட நடு ஸ்க்ரூவை மட்டும் நீளமானதா மாத்துங்க. 25 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 40 போதும். தலை கீல் குழிக்குள்ள மட்டமா உட்காரணும், துருத்திக்கிட்டு இருந்தா கதவு சாத்தாது. பலர் இதைக் கவனிக்கறதே இல்லை.

டிராயருக்கு: எங்கே உரசுதுன்னு தெரியாம எதையும் தேய்க்காதீங்க. பக்கவாட்டுலயும் அடியிலயும் சாக்பீஸ் பூசி நாலு தடவை இழுத்து மூடுங்க. சாக்பீஸ் அழிஞ்ச இடம்தான் உரசற இடம். அங்கேயும், அது ஓடற கட்டை மேலயும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்ச்சா போதும். ஈரமான நாட்கள்ல மணல்தாள் போட்டுக் குறைச்சீங்கன்னா, மரம் காஞ்சு சுருங்கினதும் டிராயர் லொடலொடன்னு ஆடும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

சன்னலோரம்:
குச்சி வச்சு ஒரு நாள் காய விட்டாச்சு. இப்போ ஸ்க்ரூ பாதி போய் நின்னுடுச்சு, இன்னும் திருகினா தலையில இருக்கற வெட்டு வழுக்குது.

மரத்தூள்:
அங்கேயே நிறுத்துங்க. வழிகாட்டித் துளை, அதாவது ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி போடற மெல்லிய துளை, போடலை, அதான். மெதுவாத் திருப்பி வெளியே எடுத்துடுங்க. 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 2.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால துளை போடுங்க. ஸ்க்ரூவை பிட் பக்கத்துல வச்சு, மரத்துக்குள்ள போற நீளத்துல பிட் மேல ஒரு டேப்பைச் சுத்துங்க. டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்தணும். பிட் கோணலாப் போகாம நேரா இருக்கணும், இல்லேன்னா ஸ்க்ரூ தலை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஸ்க்ரூ மரைக்கு மெழுகு தேய்ச்சு, டிரில்லை விட்டுட்டுக் கையால திருகுங்க. சோப்பு தேய்க்கச் சொல்வாங்க. அது ஈரத்தை இழுத்து ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும்.

வெட்டு வழுக்கின ஸ்க்ரூவைத் திரும்பப் போடாதீங்க. மூணும் இறுகின பிறகுதான் ஆப்பை எடுக்கணும்.

தாழ்ப்பாள்:
ஒரு சின்னச் சேர்க்கை. கதவு தொங்கின காலத்துல தாழ்ப்பாள் விழலைன்னு நிலையில இருக்கற தகட்டைக் கீழே இறக்கிப் பூட்டியிருந்தா, கதவு மேலே ஏறினதும் இப்போ மறுபடி விழாது. தாழ்ப்பாள் நுனியில பென்சிலை அழுத்தித் தேய்ச்சுக் கதவைச் சாத்துங்க, தகட்டுல எங்கே மோதுதுன்னு கரி காட்டிக்கொடுக்கும். தகட்டை அந்த அளவுக்கு மேலே ஏத்துங்க. பழைய துளைக்கும் அதே குச்சி, அதே பசைதான்.